இரண்டு மரியதாஸ்

நேற்று மகனின் மடிக்கணினிக்குள் காற்றாடி சீறத் தொடங்கியது. "அம்மா, புரொசெசர் நூறு வீதத்தில நிக்குது" என்று திரையில் ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குக் கோடு எதற்கு, நாங்கள் காதாலேயே பார்த்தவர்களல்லவா!

நம்பமாட்டீர்கள். யுத்த காலத்தில், யாழ்ப்பாணம் குருநகரில் நான் கணினி படிப்பித்த அறையில் கணினிக்குப் பக்கத்திலே ஒரு றேடியோ இருக்கும். நிலையங்களுக்கு நடுவில் முள்ளை நிறுத்தினால் கணினியின் இரைச்சல் அதில் விழும். நிரல் கடுமையாக வேலை செய்தால் கீச்சென்று ஏறும். சும்மா நின்றால் முனகும். மின்சாரம் இல்லை, பற்றறியும் இல்லை. எல்லாம் ஓடியது ஒரு மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில். என் தலைமயிரெல்லாம் அந்தப் புகை மணம்தான். அதை ஓட்டியவர் மரியதாஸ் அண்ணை. கடலுக்குப் போகத் தடை வந்ததால் வள்ளத்தை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர். காது என்றால் அவருடையதுதான் காது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒருநாள் மத்தியானத்துக்குள் கடற்கரைக் குடும்பங்களின் நிவாரணப் பட்டியலை அகரவரிசையில் கொடுக்கவேண்டும். தவறினால் அந்த மாதம் அரிசி இல்லை. கையில் ஒரு போத்தல் எண்ணெய்தான். என் நிரல் போன மாதம் உடுவில் ஊர்ப் பட்டியலைப் பிழையில்லாமல் அடுக்கியது என்று நான் பெருமை வேறு அடித்திருந்தேன்.

அரை மணி நேரமாகக் கீச்சு. "நல்லா வேலை செய்யுது அண்ணை!" என்றேன்.

"இல்லை ரீச்சர். முதல் ஏறி இறங்கினது. இப்ப ஒரே மாதிரிச் சுத்துது. இஞ்சின் ஓடுது, வள்ளம் போகேல்லை."

'உங்களுக்கென்ன தெரியும்' என்று வாய்வரை வந்ததை, நல்ல காலம், விழுங்கிவிட்டேன். நிரலை நிறுத்தி, எந்தப் பெயர்களில் நிற்கிறது என்று திரையில் எழுதவைத்தேன். அந்தோனிப்பிள்ளை மரியதாஸ். அதற்குக் கீழே, அந்தோனிப்பிள்ளை மரியதாஸ்.

"ஐயோ, உது நானும் சந்தையடி மரியதாசும்!" என்று கத்தினார். "எங்கடை ரெண்டு பேற்றை தகப்பன்மாருக்கும் ஒரே பேர்."

மேலே உள்ள பெயர் கீழே உள்ளதைவிட அகரவரிசையில் பிந்தியதாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் இடம் மாற்று, மாற்ற ஒன்றும் இல்லாதபோது நில் என்று எழுதியவள் நான்தான். இரண்டு மரியதாசும் அரை மணி நேரமாக ஒருவரையொருவர் முந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்! உடுவிலில் ஒரே பெயரில் இருவர் இருக்கவில்லை, என் மானம் தப்பியிருந்தது.

சமக்குறியை அழித்து மறுபடி ஓடவிட்டேன். கீச்சு ஏறியது, இறங்கியது, ஏறியது, முனகியது. முடிந்துவிட்டது! அதே நேரம் ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது.

"ஃபானை நிப்பாட்டுங்கோ! றேடியோவையும் கழட்டுங்கோ! பிறின்ரர் கறண்ட் இழுக்கப்போகுது!" என்று அண்ணை கத்தினார்.

கடைசித் தாள் வெளியே வரவும் எல்லாம் அணையவும் சரியாக இருந்தது. நான் துள்ளிய துள்ளலில் கதிரை விழுந்தது. அண்ணை தாள்களைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். அரிசி வந்தது, இரண்டு மரியதாசுக்கும்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே நடந்தது. கணினி அந்த அறையிலேயே கிடந்தது. றேடியோவை யார் எடுத்தார்களோ. அதற்குப் பிறகு அண்ணையை நான் காணவில்லை. சில மாதம் கழித்து வன்னியில் இடம்பெயர்ந்தோர் பட்டியல் ஒன்றை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அந்தோனிப்பிள்ளை மரியதாஸ் என்று இருந்தது. ஒரு தடவைதான் இருந்தது. எந்த மரியதாஸ் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.