எஸ்தரின் குதிகால்

துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: தப்பு எங்கே விழுந்தது என்று அட்டையில் ஓட்டையாகத் தெரிந்துவிடும், ஏன் விழுந்தது என்றுதான் ஒரு மண்ணும் புரியாது.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ரைபிள் கிளப்பில் நான் ஞாயிற்றுக்கிழமை பிஸ்டல் கோச். வேலூரிலிருந்து பைக்கில் போய் வருகிறேன். பதினோரு வருஷமாக ஒரே பாட்டுத்தான்: "கால நல்லா ஊனு, முழங்கைய மடக்காத, துப்பாக்கி உதைச்சா விறைச்சுக்காத, உதை தோள் வரைக்கும் போய் திரும்பட்டும்." டிரைவிங் ஸ்கூல்காரர்களே, டியூஷன் டீச்சர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பின்னால் சாயும் பாய்

காதர் பாய்க்கு ஹைவேஸில் பிரியாணிக் கடை. வாட்டசாட்டமான ஆள். அந்தச் சின்னத் துப்பாக்கி உதைக்கிற உதை அவருக்குக் கொசுக்கடி மாதிரி. ஆனால் ட்ரிகரை அழுத்துகிற நேரம் பார்த்து இடுப்புக்கு மேலே மொத்தமும் பின்னால் சாயும், முகம் ஒரு பக்கமாகத் திரும்பும். குண்டு அட்டைக்கு மேலே பறந்து மணல்மேட்டில் போய்ப் புதையும். "பயப்படுறீங்க பாய்" என்றேன். அதற்காக இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

சமாதானம் பேச அவர் கடைக்குப் போனேன். தம் உடைக்கிற நேரம். பாய் அண்டா மூடியை ஒரு கையால் நெம்பித் தூக்கினார். உடம்பு பின்னால், முகம் ஒரு பக்கம். அச்சு அசல் அதே நிலை! "இதைத்தான் பாய் ரேஞ்சுலயும் பண்றீங்க, நேரா நில்லுங்க!" என்று கத்தியே விட்டேன். பாய் அசரவில்லை. "நீங்க ஒருவாட்டி நேரா நின்னு தொறங்க சார், அப்புறம் புருவம் இருக்குதான்னு தடவிப் பாருங்க."

இடது கீழ்

பிழைப்பு பழக்கிய உடம்பு ரேஞ்சுக்கும் கூடவே வரும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எஸ்தர் விஷயத்தில் சுத்தமாக மறந்துபோனேன். எஸ்தர் ஷூ ஃபேக்டரியில் மேல்தோல் தைக்கிறவர். ஆறு நாள் மெஷின். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே ரேஞ்ச். எங்கள் கிளப்பில் போட்டிக்கு எடுத்துப்போகிற பாயிண்ட் டூ டூ பிஸ்டல் ஒன்றே ஒன்று. அதற்கொரு சட்டம் வைத்திருக்கிறோம்: மூன்று போட்டிக்குள் மாநிலப் போட்டிக்கான தகுதி மார்க்கை எடுக்காவிட்டால் பிஸ்டல் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எஸ்தருக்கு இரண்டு போட்டி முடிந்துவிட்டது. இரண்டிலும் மயிரிழையில் கோட்டைவிட்டார்.

குண்டெல்லாம் இடது கீழே. இதற்குப் புஸ்தகத்தில் பதில் இருக்கிறது: உதைக்குப் பயந்து விரலை வெடுக்கென்று இழுத்தால் இப்படித்தான் விழும். விரலைத் திருத்தினேன். இடது கீழே. மணிக்கட்டை இறுக்கச் சொன்னேன். இடது கீழே. காலை அகட்டச் சொன்னேன், குறுக்கச் சொன்னேன், பிடியை மாற்றினேன், பழைய பிடிக்கே திரும்பினேன். எனக்கே தலை கிறுகிறுத்தது. எஸ்தர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன வாரம் சொன்னதுக்கு நேர் மாறா இன்னிக்கு சொல்றீங்க சார், நான் எந்த வாரத்து சார் பேச்ச கேக்கறது?"

வெத்துத் தோட்டா

மூன்றாவது போட்டிக்கு இன்னும் ஒரு வாரம். எஸ்தருக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெத்துத் தோட்டாவைச் செருகினேன். எங்கள் தொழிலில் பழைய வித்தை இது. உதைக்குப் பயப்படுகிற கை, வெடிக்காத தோட்டாவுக்கும் பயந்து குனிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு வெடித்தன. மூன்றாவது வெறும் 'கிளிக்'. கை அசையவில்லை. மணிக்கட்டும் அசையவில்லை. ஆனால் வெடிச்சத்தம் இல்லாததால் கீழேயிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மறுபடி செய்து பார்த்தேன். கிளிக், டக். இந்தத் தடவை குனிந்தேன். விரல் ட்ரிகரை அழுத்த, வலது பாதத்தின் முன்பக்கம் தரையை மிதிக்கிறது. குதிகால் எழும்பி இறங்குகிறது. தையல் மெஷின் பெடல்! அட்டைக்கு வலது தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நிற்கிறவர் முன்னே சரிந்தால் குண்டு இடப்பக்கம் போகாமல் எங்கே போகும்? ஊரே காலுக்குத் தைக்கிற ஊரில் காலைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது. எஸ்தர் தன் காலை யாருடைய காலையோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார். "கண்ணு ஒரு எடத்துல நின்னா கால் தானா மிதிச்சிடும் சார், இது துப்பாக்கின்னு அதுங்கிட்ட யாரு போய் சொல்றது?"

நூல் அறுத்தாச்சு

"கால அசைக்காதம்மா" என்று நான்தான் போய்ச் சொன்னேன். சொன்னதும் அசைவு இன்னும் ஜாஸ்தியானது. வழி கண்டுபிடித்தது எஸ்தர். அவர் மெஷினில் பாதத்தின் முன்பக்கத்தை மிதித்தால் ஊசி ஓடும். குதிகாலை அழுத்தினால் நூல் அறுந்து மெஷின் நின்றுவிடும். ஆக, பிஸ்டலைத் தூக்குவதற்கு முன்பே குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்துவிட வேண்டியது. மெஷின் ஆஃப். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு பிரேக்கில் வெறுங்கையை நீட்டி நின்று பழகினாராம்.

போட்டியில் நான் அட்டையைப் பார்க்கவே இல்லை. கடைசிக் குண்டு வரைக்கும் எஸ்தரின் வலது குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். குதிகால் எழும்பவில்லை. தகுதி மார்க்குக்கு மேலே ஒரு மார்க். பிஸ்டல் எஸ்தருக்குத்தான்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஃபேக்டரியிலிருந்து போன். நன்றி சொல்லப் போகிறார் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தேன். "சார், ஒரே பேஜாரா போச்சு, மெஷின்ல உக்காந்தா குதிகால் பெடல வுட்டு எழும்பவே மாட்டேங்குது, சூப்பர்வைசர் மொறைச்சிகினு நிக்கறாரு, சீக்கிரம் சொல்லுங்க, இத எப்டி திருப்பி ஆன் பண்றது?"

பதினோரு வருஷமாக ஊராரை ஆடாமல் அசையாமல் நிற்கச் சொன்ன நான், போனைக் காதில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அசையாமல் நின்ற மாதிரி அவர்களில் ஒருவர்கூட நின்றதில்லை.