தையல்நாயகி வேண்டுமென்றே சொதப்பிய பாடம்

தலத்தெருவில் குடியிருக்கும் தையல்நாயகிக்குச் சந்தேகம் என்பது கூடவே பிறந்த குணம். ஜெராக்ஸ் கடையில் தாளைக் கொடுத்துவிட்டு மெஷின் பக்கத்திலேயே நிற்பார். கசங்கிப் போன பிரதியையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். பெண் பார்க்க வந்தவர்களிடமே மாப்பிள்ளையின் சர்டிபிகேட்டைக் காட்டச் சொன்னவர் என்று திருநள்ளாற்றுச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, எல்லாம் நிரந்தர உத்தியோகம். தையல்நாயகியோ பதினான்கு வருஷமாக இயற்பியல் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். ஏப்ரலோடு வேலை முடிந்துவிடும். ஜூனில் மறுபடி கடிதம் வந்தால்தான் உண்டு. வருஷா வருஷம் தலைக்கு மேல் கத்தி தொங்கினால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும், சொல்லுங்கள்?

கல்லூரியின் பெயர் வேண்டாம். காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரி, அவ்வளவுதான். மார்ச்சில் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் தொழில்நுட்பப் பயிற்சிப் பட்டறை என்று சுற்றறிக்கை வந்தது. பாடத்தை வீடியோவாக எடுப்பது, இணையத்தில் ஏற்றுவது, அதிலேயே தேர்வு வைப்பது, எல்லாம் கற்றுத் தருவார்களாம். சாக்பீஸையே எண்ணிக் கொடுக்கிற நிர்வாகம் மதியத்துக்குப் பிரியாணி போட்டது. தையல்நாயகிக்கு அங்கேயே பொறி தட்டியது.

பயிற்சி கொடுக்க வந்த பிரதீபா சென்னைப் பெண், சிரித்த முகம். அவளையும் தையல்நாயகி விடவில்லை. எடுக்கிற வீடியோ யாருக்குச் சொந்தம் என்று எழுந்து நின்று கேட்டார். அதெல்லாம் மேனேஜ்மென்ட் பார்த்துக்கொள்ளும் என்று அவள் சட்டென்று அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிட்டாள்.

காலையும் மாலையும் வருகைத் தாளில் கையெழுத்து. பட்டறை பட்டறையாகக் கையெழுத்துப் போட்டே பழகிய கூட்டம் அது. தாளை நீட்டினால் பேச்சை நிறுத்தாமலே போட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் வந்த தாளிலும் அப்படித்தான் போட்டார்கள். தையல்நாயகி மட்டும் தலைப்பைப் படித்தார். வருகைத் தாளே இல்லை அது. இங்கே பதிவாகும் பாடங்களை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கல்லூரி வகுப்பில் போட்டுக்கொள்ளலாம், ஆசிரியருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. அவருக்கு முன்னால் முப்பத்தோரு பேர் போட்டிருந்தார்கள். தான் போடாவிட்டால் ஜூன் கடிதம் வராது. அவரும் போட்டார்.

அன்று மதியமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கேட்பதைக் கொடுப்பது, ஆனால் உருப்படாமல் கொடுப்பது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதினார். மைக்கைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டார். பேச்சைவிடச் சரசரப்புதான் அதிகம் கேட்டது. வகுப்பில் கணீரென்று நடத்துகிற மனுஷி, பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டும்படி சொதப்பினார். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

அதே துறையில் அற்புதராஜ். தருமபுரத்துக்காரர், அவரும் ஒப்பந்தம்தான். உராய்வு என்றால் நேரே நளன் குளத்துப் படியில் ஆரம்பிப்பார். சனிக்கிழமை எண்ணெய் வழிகிற படியில் காலை எப்படி ஊன்றி இறங்க வேண்டும் என்று மேசையைப் பிடித்து நடந்தே காட்டுவார். கேமரா முன்னாலும் ஒன்றையும் ஒளிக்காமல் அப்படியே நடத்தினார். முடித்ததும் பிரதீபா கைதட்டினாள். ஏப்ரல் முடிவதற்குள் மொத்தப் பருவத்துக்கும் நாற்பது பாடத்தை எடுத்து ஏற்றிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னார், சொன்னபடியே செய்தும் விட்டார்.

பட்டறையின் கடைசி நாள் அவர் தையல்நாயகியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மைக் மாட்டத் தான் சொல்லித் தருவதாகவும், வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கல்லூரிக்கு வந்து கூடவே இருந்து எடுத்துத் தருவதாகவும் சொன்னார். அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட வாய் வரை வந்துவிட்டது தையல்நாயகிக்கு. அடுத்த நொடியே, இந்த மனுஷனுக்கு என்மேல் என்ன இவ்வளவு அக்கறை, துறைத்தலைவர் ஆழம் பார்த்துவரச் சொல்லி அனுப்பினாரோ என்று தோன்றிவிட்டது. “பரவால்லைங்க சார், எனக்கு வந்தது அவ்வளவுதான்” என்று முடித்துக்கொண்டார். பதினோரு வருஷம் ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேசை. அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா? பட்டார்.

ஜூனில் தையல்நாயகிக்குக் கடிதம் வந்தது. அற்புதராஜுக்கு வரவில்லை.

துறைத்தலைவர் முருகானந்தம் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். அற்புதராஜின் பாடம் முழுசாகக் கையில் இருக்கிறது. தையல்நாயகியின் பாடம் பார்க்கிற மாதிரி இல்லை. ஆகவே ஆளாகத் தேவைப்படுவது தையல்நாயகிதான். இதையே அற்புதராஜிடமும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். “அவர் கிளாஸுக்கும் நீங்களே போயிடுங்க மேடம். வீடியோவைப் போட்டுட்டு அட்டெண்டன்ஸ் எடுத்தா போதும்” என்றார்.

போனார். விளக்கை அணைத்துப் பாடத்தைப் போட்டார். முன்வரிசைப் பெண் ஒருத்தி புரியவில்லை என்று கையைத் தூக்கினாள். திரையில் அற்புதராஜ் அவளைப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலை தப்பித்தது என்று இரண்டு நாளாக இருந்த நிம்மதி அந்த இடத்திலேயே போய்விட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை.

அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தருமபுரம் போனார். அற்புதராஜின் மனைவி ஆக்சிலியா வாங்க என்று நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். பிள்ளைகளுக்குப் பாடம் புரிகிறதா, கடைசி பெஞ்சுக்குச் சத்தம் கேட்கிறதா என்றுதான் அற்புதராஜ் முதலில் விசாரித்தார். பிறகு நேராகவே கேட்டுவிட்டார்.

“இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“தெரியுங்க சார். நாம கையெழுத்துப் போட்ட தாளைப் படிச்சேன். அதான் மோசமா எடுத்தேன். உங்ககிட்ட சொல்லத்தான் நினைச்சேன், அப்புறம் உங்களையும் சந்தேகப்பட்டுட்டேன்.”

அற்புதராஜ் கோபப்பட்டிருந்தால் தையல்நாயகிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவர் அதை ஒரு கணக்கைப் போல யோசித்துப் பார்த்தார்.

“சொல்லியிருந்தாலும் எனக்கு மோசமா நடத்த வந்திருக்காதுங்க,” என்றார். “ஆனா சொல்லியிருக்கணும் மேடம்.”