நிழல்காரி நிழலை என்ன செய்கிறாள்?

பூன் லேயில் ரயில் ஏறினால் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். ஆனாலும் ஒரு சில மாதங்கள் நான் நின்றுகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். கதவோரம் சாய்ந்து கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதுவேன். இரண்டு வரி எழுதினால் மூன்று வரி அழிப்பேன். சில நாள் ரெட்ஹில் வரும்வரைகூடப் பொறுக்காமல் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, புக்கிட் மேராவில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு வெயிலில் நடப்பேன். கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. காரணம், நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு கெட்டவள்.

எனக்கு வேலை ஜூரோங்கில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்கத்தாள்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில். எழுத்து அதற்கு வெளியே. அதற்குமுன் சிறுவர்களுக்கு இரண்டு சின்னப் புத்தகங்கள் எழுதியிருந்தேன். ஒன்றில் ஒரு நல்ல ஆமை. மற்றதில் அதைவிட நல்ல ஓர் அணில். இரண்டையும் வாசித்துவிட்டு என் மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது, புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

“ஏன்மா எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்க? போரிங் லா.”

எனக்குக் கோபம் வந்தது. அது அடங்கியபோது, எனக்கும் அந்த ஆமை அலுத்துப்போயிருந்தது தெரிந்தது.

நிழல்காரி வந்தது ஒரு மதிய உணவு வேளையில். அலுவலகத்திலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு மணி வெயில் நேராகத் தலைக்குமேல். குனிந்து பார்த்தால் என் நிழல் செருப்புக்கு அடியில் பதுங்கிவிட்டிருந்தது. இந்த நேரத்தில் யாராவது குனிந்து அதை உருவிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. சோற்றுத் தட்டை எதிரில் வைத்துக்கொண்டே முதல் பத்தியை எழுதிவிட்டேன்.

கதை இதுதான். ஒரு தீவு நகரம். அங்கே நிழல்காரி என்று ஒருத்தி. மதியத்தில், நிழல்கள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கும்போது, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிவாள். பக்கத்தில் நிற்பவரின் நிழலைச் சட்டென்று இழுத்து, கைக்குட்டைபோல மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். நிழல் போனவர்களுக்கு அதற்குப்பிறகு எங்கும் உட்கார முடியாது. நடந்துகொண்டே இருப்பார்கள். கதை முழுவதும் அவள் பக்கத்திலிருந்தே போகும். அவளைத் துரத்திப் பிடிக்க வரும் சின்னக் கதாநாயகன் யாரும் இல்லை.

எட்டு அத்தியாயம் தண்ணீராக ஓடியது. இரவுச் சாப்பாட்டின்போது மகளுக்கு வாசித்துக் காட்டுவேன். நிழல்காரிக்கு என்று ஒரு குரல் வைத்திருந்தேன். கொஞ்சம் மூக்கால் பேசும், எப்போதும் எங்கோ போக அவசரப்படும் குரல். மகள் சோற்றைப் பிசைந்தபடியே சாப்பிட மறந்துவிடுவாள்.

அந்த எட்டையும் என் பதிப்பாளரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். லிட்டில் இந்தியாவில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, இரண்டு அறையில், அவரும் மனைவியுமாகப் பதிப்பகம் நடத்துகிறார்கள். ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். கீழே வாங்குகிற கூட்டம், மேலே மல்லிகை வாசம், அவர் மேசையில் என் தாள்கள்.

“நல்லாத்தான் இருக்கு. கடைசில அவ திருந்துவாளா?”

“தெரியல சார்.”

“திருந்தினா நல்லதும்மா. பள்ளிக்கூடத்துல வாங்கறவங்க அதத்தான் மொதல்ல கேப்பாங்க.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு புரியல. இத்தனை நிழலையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அவ என்ன பண்றா?”

“அதுல அவளுக்குச் சக்தி கிடைக்கும்.”

“என்ன சக்தி?”

நான் தாள்களைப் புரட்டித் தேடினேன். எட்டு அத்தியாயத்தில் எங்கும் அது இல்லை. அவர் தொலைபேசி அடித்தது, பேசப் போய்விட்டார். நான் படியிறங்கி சிராங்கூன் சாலையில் நடந்தேன். திரும்பும்போது வாங்கிப்போக நினைத்திருந்தது மறந்து, வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

அன்றிலிருந்துதான் காலுக்கு இந்த வியாதி. நிழல்களை அவள் விற்கிறாள் என்று எழுதினேன். பொய்யாக இருந்தது. எரித்து மந்திரம் செய்கிறாள் என்று எழுதினேன். அதைவிடப் பொய். ஒட்டுப்போட்டு ஒரு பெரிய போர்வை தைக்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் எதற்கு அந்தப் போர்வை? வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். துணி காயப்போடப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

“கொஞ்சம் உட்காரு லா,” என்றார் என் கணவர். “ஒன்னயப் பாத்துப் பாத்து என் காலு வலிக்குது.”

மகள் தினமும் கேட்பாள். “அப்புறம் என்ன ஆச்சு?”

“இன்னும் எழுதல.”

“எப்ப எழுதுவ?”

“பொறு.”

அவள் பொறுக்கவில்லை என்பது மார்ச் விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. நான் அலுவலகத்தில் இருந்தபோது அவளுடைய வகுப்பாசிரியை அழைத்தார். கோபமாகப் பேசவில்லை, சொல்லவந்ததை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தயங்கினார். விஷயம் இது. பள்ளி விடும் நேரத்தில், வாசலில், என் மகள் ஒரு முதலாம் வகுப்புச் சிறுமியின் அருகில் குனிந்து எதையோ இழுப்பதுபோல இழுத்திருக்கிறாள். “பாரு, ஒன் நிழல நிழல்காரி எடுத்துட்டா” என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை கீழே பார்த்திருக்கிறாள். மார்ச் மாதத்து மதியம். உண்மையாகவே நிழல் இல்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை வெயிலில் காலை வைக்க மறுத்துவிட்டாளாம்.

வீட்டுக்குப் போய் மகளைக் கேட்டேன். முதலில் தரையைப் பார்த்தாள். அப்புறம் அழுகையும் கோபமுமாக என் பக்கம் திரும்பினாள்.

“நான் சும்மா நடிச்சுப் பாத்தேன். நீ எழுதவே மாட்டேங்கற. அப்புறம் என்ன ஆவும்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அவளைத் திட்டினேன். ஆனால் திட்டும்போதே என் குரலில் உறுதி இல்லை என்பது எனக்கே கேட்டது.

அந்தச் சிறுமியின் வீடு எங்களிடமிருந்து இரண்டு புளோக் தள்ளி. அவள் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கிளினிக்கில் வேலை பார்ப்பவர், வயதில் என்னைவிடச் சின்னவர்.

“திட்டறதுக்குச் சொல்லலக்கா. ஆனா பாடாப் படுத்தறா. லிங்க்வே இருக்கற எடத்துலதான் நடக்கறா. மேல கூரை இல்லன்னா நின்னு அழறா. அவங்க அத்தா, என் வீட்டுக்காரருதான் தூக்கிட்டுப் போறாங்க. காலைல வெயில்ல நிக்க வச்சு, இந்தா பாரு ஒன் நிழல்னு காட்டினேன். இது என்னோடது இல்ல, வேற யாரோடதோங்கறா.”

புளோக்குகளிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கூரை போட்ட அந்த நடைபாதைகளை நான் அதுவரை மழைக்கு மட்டுமே என்று நினைத்திருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை நிழல் இல்லாததை ஊருக்கு மறைத்துக்கொண்டு இப்போது அவற்றின் அடியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மாலை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒரு தூணுக்குப் பின்னால், அம்மாவின் கையைப் பிடித்தபடி அந்தப் பிள்ளை நின்றாள். பல் விழுந்த வாய். இரட்டைப் பின்னல். பக்கத்துக் கல்மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூணுக்கு அப்பால் விளையாட்டுத் திடல், அங்கே நல்ல மாலை வெயில்.

“சாரி,” என்றாள் என் மகள். “நான் ஒன் நிழல எடுக்கல. சும்மா சொன்னேன்.”

“நீ எடுக்கலன்னு தெரியும். நிழல்காரிதான் எடுத்தா. அவள வரச் சொல்லு.”

நான் குனிந்து உட்கார்ந்தேன். “நிழல்காரி நிஜம் இல்லம்மா. கதைல வர்றவ. ஆண்ட்டிதான் அவள எழுதினேன்.”

அவள் என்னை யோசனையோடு பார்த்தாள். “அப்ப அவ எங்க இருக்கான்னு ஆண்ட்டிக்குத் தெரியும்ல?”

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். என் மகள் என் சட்டையை இழுத்தாள். “ம்மா, நீதான் அவ மாதிரியே பேசுவியே. பேசு.”

எங்கள் சாப்பாட்டு மேசையில் பேசுவது வேறு. இங்கே ஊரார் கண்முன். ஆனாலும் எழுந்து திடலுக்குப் போனேன். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

“யாரு என்னயக் கூப்பிட்டது? சீக்கிரம் சொல்லு, எனக்கு வேல இருக்கு.”

சதுரங்கம் நின்றது. பிள்ளை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆனால் குரல் வந்தது. “நான்தான். என் நிழலத் தா.”

“தரமாட்டேன்.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் கொடுக்கத்தானே வந்தேன்? அந்த அம்மாவின் முகம் மாறியது. ஆனால் நிழல்காரி கேட்டவுடன் கொடுக்கிறவள் இல்லை. எட்டு அத்தியாயமாக எனக்கு அவளைத் தெரியும்.

“ஏன் தரமாட்ட?”

“எனக்கு வேணும்.”

“அது என்னோடது!” என்று கத்தியபடி பிள்ளை தூணை விட்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டு மூன்று அடி. மாலை வெயில் பக்கவாட்டிலிருந்து அடிக்க, அவள் நிழல் புல்லைத் தாண்டி ஊஞ்சல்வரை நீண்டு விழுந்தது.

“ஒன்னோடதுன்னா எடுத்துக்க. அந்தா கெடக்கு.”

அவள் பார்த்தாள். “இது என்னோடது இல்ல. என்னோடது சின்னது.”

“ஒன்னோடதுதான். எங்கிட்ட இருந்துச்சுல்ல, வளந்துருச்சு.”

“எப்படி வளந்துச்சு?”

“சோறு போட்டேன்.”

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? எனக்குத் தெரியாது. பிள்ளை கண்ணைச் சுருக்கினாள். சோதிக்கப்போகிறாள்.

“என்ன குடுத்த?”

“புரோட்டா.”

“கறி ஊத்தியா, சீனி போட்டா?”

“சீனி போட்டு.”

தப்பித்தேன். அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, “ராத்திரி அழுதுச்சா?” என்றாள்.

“அழுதுச்சு. நான் பக்கத்துல படுத்துக்கிட்டேன்.”

அவள் ஒரு கையைத் தூக்கினாள். ஊஞ்சலடியில் நீளமான கை ஒன்று எழுந்தது. இன்னொரு கை. அதுவும் எழுந்தது. பிறகு அவள் யாரையும் பார்க்காமல் ஊஞ்சலுக்கு ஓடினாள். அங்கிருந்து திரும்பி, “இனிமே எடுக்காத!” என்று கத்தினாள்.

“அது சொல்ல முடியாது,” என்றாள் நிழல்காரி.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியவர்களில் ஒருவர் கைதட்டினார், என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன். எழுதுவதற்குள் நிழல்காரி சொன்னதை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

நிழல்காரி நிழல்களை வளர்க்கிறாள். அவ்வளவுதான். வீடு காலியாக இருக்கிறது, அவளுக்கென்று ஒரு நிழல்கூட இல்லை. எடுத்துவந்த ஒவ்வொன்றுக்கும் எதில் ஆசை என்று கேட்டுச் சமைத்துப் போடுகிறாள். அழுதால் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். ஆனாலும் அது திருட்டுத்தான். வெளியே நிழல் இழந்தவர்கள் கால் வீங்க நடந்துகொண்டே இருக்கிறார்கள், அதை அவள் ஜன்னலிலிருந்து பார்க்கிறாள், பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிடுகிறாள். அந்தத் திரையை எழுதிய மதியம் நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள்மேல் இரக்கமாகவும் இருந்தது, அறைய வேண்டும்போலவும் இருந்தது.

மீதியைச் சில வாரங்களில் முடித்தேன். பதிப்பாளர் வாசித்துவிட்டுக் கடைசித் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“திருந்தல.”

“திருந்தல சார்.”

“மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா.” தாள்களைத் தட்டி அடுக்கினார். “போடுவோம். கொஞ்சமாப் போடுவோம்.”

புத்தகம் வந்தது. பள்ளிகள் அதிகம் வாங்கவில்லை. நூலகத்தில் நடந்த வாசிப்பில் ஒரு தந்தை எழுந்து, இதில் பிள்ளைகளுக்கு என்ன நீதி என்று கேட்டார். நான் தடுமாறி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒரு பையன், நிழல்காரி வீட்டில் எத்தனை ரூம் என்று கேட்டான். அதற்கு மட்டும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பல் விழுந்த பிள்ளை இப்போது வெயிலில் தாராளமாக ஓடுகிறாள். ஆனால் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையில் என்னைக் கண்டால், தன் நிழல் என் கால் பக்கம் விழாதபடி அம்மாவின் மறுபுறம் போய் நின்றுகொள்வாள். நான் சிரித்தாலும் சிரிக்கமாட்டாள்.

முடித்துவிட்டால் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. போன வாரம் மகள் அறையில் மடிக்கணினியில் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் திரையைத் திருப்பிவிட்டாள்.

“என்ன எழுதற?”

“கதை. ஒரு வில்லன் கதை. முடிக்காம காட்டமாட்டேன்.”

“தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?”

“ரெண்டும்மா. எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க. வில்லன் மட்டும் தமிழ் பேசுவான்.”

“ஏன்?”

“எனக்குத் தெரியல. அவன் தமிழ்லதான் பேசறான்.”

இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று புரியாமல் வாசற்படியில் நின்றேன். பிறகு அவளுக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். திரையைப் பார்க்காமல்தான் வைத்தேன்.