விமலா மேடம் பூட்டாமல் போன கம்ப்யூட்டர்

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் பிடித்த கைக்குப் பேனா இன்னும் அடங்கவில்லை. ஆனால் இது முழுக்க நானே எழுதியது. அதைச் சொல்லும்போது இந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது.

சனிக்கிழமை காலை வைத்திக்குப்பத்தில் படகுகள் அருகே நின்றிருந்தேன். என்னோடு கம்பெனியில் வேலை செய்யும் பிரபு தம்பி போன் செய்தார். "தாத்தா, விமலா மேடம் இல்ல தாத்தா. விடியக்காலம் ஆஸ்பத்திரியிலயே..."

தட்டாஞ்சாவடியில் உள்ள எங்கள் கம்பெனிக்கு விமலா மேடம் மேனேஜர். மற்றவர்களின் கம்ப்யூட்டரில் திருடன் நுழையாமல் காவல் காப்பது அங்கே வேலை. நான் வாசலில் வாட்ச்மேன். சேர்ந்த புதிதில், "இங்க என்ன பண்றாங்கன்னே புரியலீங்க" என்றேன்.

"உங்க வேலைதாண்ணா எங்களுக்கும். திருடன் வராத வரைக்கும் சும்மா உக்காந்திருக்கோம்னுதான் சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

எனக்கு எழுத்து தெரியாததால் அடையாள அட்டையில் படத்தை மட்டும் பார்த்து ஆட்களை உள்ளே விடுவதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் தன் அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "படத்த யார் வேணா மாத்தி ஒட்டலாம். பேரப் படிங்க." அந்த 'வி'யில் தொடங்கினேன். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என் வரிகள் மேலே ஏறிவிடும். "அலையில போற படகு மாதிரி இருக்குதுண்ணா. அடுத்த வாரம் இன்னும் நேரா எழுதுங்க" என்பார்.

மாடியில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டரைப் பூட்டாமல் எழுந்து போனவர் பெயரில், 'இன்று எல்லோருக்கும் என் செலவில் சமோசா' என்று மற்றவர்கள் செய்தி அனுப்பிவிடுவார்கள். அவர் வாங்கியே ஆகவேண்டும். மேடம் மட்டும் மாட்டியதே இல்லை.

"ஒரு தடவ மறந்து எழுந்திரிங்க மேடம்" என்று பிரபு கெஞ்சுவார்.

"என் சமோசா உன் ஜாதகத்துலயே இல்லடா!"

வெள்ளிக்கிழமை மதியம் மேடம் நெஞ்சைப் பிடித்தபடி இறங்கி வந்தார். முகமெல்லாம் வியர்வை. "கேஸ் ட்ரபுள்தான்ணா, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். திங்கட்கிழம ஒரு பக்கம் எழுதி வைங்க" என்று ஆட்டோவில் ஏறினார். மேலே அவர் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. விஷயம் தெரியாத பிரபு, குஷியில் மேடம் பெயரில் அந்தச் சமோசா செய்தியை அனுப்பிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்களாம்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பிரபு என் தோளில் சாய்ந்து அழுதார். "அவங்க உயிருக்குப் போராடினப்ப நான் வெளையாடியிருக்கேன் தாத்தா."

"அதுக்கு மேடம் ஒண்ணும் சொல்லலியா?" என்றேன். அவர் போனை நீட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து அன்று மாலை வந்த பதில். யாரையும் கேட்காமல், எழுத்துக் கூட்டி நானே சத்தமாகப் படித்தேன்: 'மாட்டிக்கிட்டேன்டா. தாத்தாவுக்கு ரெண்டா வாங்கு.'

படித்து முடித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மேடம் எழுதியதை நானாகவே படித்தேன். அதைக் கேட்க மேடம் இல்லை.

இன்று திங்கட்கிழமை. பிரபு சமோசா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் தொடவில்லை. முதலில் நான் எடுத்துக் கடித்தேன். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். என் இரண்டாவது சமோசா மேசையில் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கேட்ட ஒரு பக்கம் இதுதான் மேடம். போய் வாருங்கள். வரி மேலே ஏறித்தான் போகிறது. அடுத்த வாரம் இன்னும் நேராக எழுதுகிறேன்.