என் போனில் இருந்த காது

என் வீட்டுக்காரரின் காது எட்டு மாதம் என் போனுக்குள் இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி ரைஸ் மில் ஒன்றில் இருபத்தைந்து வருடம் மிஷின் ஓட்டியவர் அவர். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. வீட்டில் நான் கத்திக் கத்திப் பேசியதைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நாள் சண்டையும்தான் போட்டோம்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள்தான் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். புளியங்கொட்டை அளவில் இரண்டு. ஒயர் கிடையாது. டப்பாவில் வைத்தால் சார்ஜ் ஏறிவிடும். சவுண்டைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் போனில். இவர் வைத்திருப்பதோ பட்டன் போன். அதனால் அந்த ஆப் என் போனில் ஏறியது. நான் விரலால் இழுத்தால் இவருக்குச் சத்தம் கூடும், குறையும். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஓர் அதிகாரம் என் கைக்கு வந்ததே இல்லை.

மாட்டிக்கொண்ட முதல் நாள் அண்ணாந்து பார்த்து, “இன்னா இது, இந்த ஃபேனு இவ்ளோ சத்தம் போடுது?” என்றார்.

“வாங்கின நாள்லேர்ந்து போட்டுக்கினுதான் கீது” என்றேன். அவர் சிரித்தார். நான் கத்தாமல் சொன்ன பேச்சுக்கு அவர் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது! அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் அப்படியொன்றும் நல்லவள் இல்லை. அவருடைய அக்கா வந்து என் சமையலைக் குறை சொல்ல ஆரம்பித்தால் சவுண்டைக் குறைத்துவிடுவேன். எனக்கே ஆத்திரம் வந்தால் முதலில் குறைத்துவிட்டு, ஆசை தீரத் திட்டிவிட்டு, மறுபடி ஏற்றி வைத்து, “சாப்புட வாங்க” என்பேன். அவர் பாட்டுக்கு வந்து சாப்பிடுவார். ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தேன்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத ஒன்றும் நடந்தது.

மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை எலவனாசூர்கோட்டைப் பக்கம், சென்னையில் நல்ல வேலை. இவரே அலைந்து தேடிப் பிடித்த இடம். தியாகதுருகத்தில் டீ குடிக்கப் போனால்கூட அந்தப் பெருமையைப் பேசாமல் திரும்ப மாட்டார். அந்த வீட்டில் இருக்க முடியாமல் அவள் வெளியே வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் இரண்டு மாதமாக இருந்தாள். எனக்கு மட்டும் தெரியும். “அப்பாக்குத் தெரிய வேணாம்மா, தாங்க மாட்டாரு” என்று அழுதாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பாவும் மகளும் போனில் பேசினால் அவர் முதலில் கேட்பது மாப்பிள்ளை சௌக்கியமா என்பதைத்தான். அதற்கு அவள் என்ன சொல்வாள்? வேலையாக இருக்கிறாள், மீட்டிங்கில் இருக்கிறாள் என்று ஏதாவது சொல்லி இரண்டு பேரையும் பேசவிடாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கூப்பிடுவாள். அதற்கு முன்பே இவர் சவுண்டை அடியோடு இறக்கிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் துவைக்கிற கல்லுக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுண்டை இறக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. அந்த அவசரத்தில் ஆப்பில் எதையோ சேர்த்துத் தொட்டுவிட்டேன். போன் பேச்சை நேராகக் காது மிஷினுக்கே அனுப்பும் வசதி ஒன்று அதில் உண்டு. மிஷின் மாட்டிவிட்ட பெண் அன்றே சொல்லியிருந்தாள். நமக்கு எதற்கு என்று அணைத்து வைத்திருந்தேன். அதுதான் திறந்துகொண்டது.

கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. “அலோ... அலோ... பாப்பா, கேக்கலம்மா” என்று நான் கத்துகிறேன். அந்த வசதியில் பேச்சை வாங்கி அனுப்புவதும் மிஷின்தான், அதனால் நான் கத்தியது அவளுக்குப் போகவில்லை. எப்போதும் போல சிக்னல் கோளாறு, தன் பேச்சு அம்மாவுக்குக் கேட்கும் என்று நினைத்து அவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இவர் உட்கார்ந்து மணிலாக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஃபேன் சத்தம், தெருச் சத்தம் எல்லாவற்றையும் நான் இறக்கி வைத்திருந்தேன். அந்த அமைதியில் மகளின் குரல் மட்டும் அவர் காதுக்குள் பேசியிருக்கிறது. வக்கீலைப் பார்த்துவிட்டேன், இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று.

கொல்லைக் கதவு திறந்தது. மடியில் இருந்த மணிலாத் தோலைக்கூட உதறாமல் வந்து நின்றார்.

“போனக் குடு.”

“சிக்னலே இல்லீங்க” என்றேன். சவுண்டை இறக்கியது நினைவு வந்து, கையையும் ஆட்டிக் காட்டினேன்.

“எனக்குக் கேட்டுச்சி.”

ஆப்பைத் திறந்து சவுண்டை ஏற்றினேன். “உங்களுக்கு ஒடம்புக்கு இன்னா ஆவுமோன்னுதான்...” என்று இழுத்தேன்.

“ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழம பத்து மணியானா எனக்கு மட்டும் ஊரு அடங்கிப் பூடுது. மிஷினு லீவு போட்டுக்கிச்சின்னா நெனப்பேன்?” என்றார். “நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. போனை வாங்கி, காதில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, “பாப்பா, அப்பா பேசறேன். நான் பாத்து வச்ச எடம், தப்பு என்னுது. நீ எதுக்கும்மா என்னப் பாத்து பயப்படற? தோ, கெளம்பி வரேன்” என்றார். அவள் சொன்ன பதில் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். சார்ஜ் டப்பாவைப் பையில் வைத்து, பச்சை லைட் எரிந்தால் சார்ஜ் ஏறிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன். அதுவரை நான்தான் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மிஷின் தன் பாட்டுக்கு வேலை செய்யும். சென்னையில் யார் என்ன பேசினாலும் முழுசாகக் கேட்டுக்கொள்வார். அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்குச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் தூங்கப் போனதும், “இன்னாங்க சொன்னா?” என்று கேட்டேன்.

“அது அவ எங்கிட்ட சொன்னது” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.