அவருக்கும் ஒரு பொன்னாடை

என் முதல் சிறுகதைத் தொகுப்புக்குத் தருமபுரியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் முதல் பொன்னாடை என் கணவருக்குப் போனது. "இவங்கள எழுத அனுமதிச்ச அந்த நல்ல மனசுக்கு" என்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் மைக்கில் உருகினார். அதே மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு எழுத்தாளர் இருந்தார், ஆண். அவருடைய மனைவியை யாரும் மேலே கூப்பிடவில்லை. அந்த அம்மா விழாவுக்கே வரவில்லை. வீட்டில் யாராவது சமைக்க வேண்டுமே.

அந்த அனுமதியின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கடத்தூரில். கணவருக்குத் தருமபுரியில் அரசாங்க வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராகப் பேக்கரிக்குப் போவார். சிநேகிதர்களோடு டீ, பப்ஸ், அரசியல் எல்லாம் முடித்து வீடு வந்து சேர எட்டரை ஆகும். நான் எழுதுவதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது, எழுதுவது அவர் கண்ணில் படாத வரைக்கும். குக்கர் விசில் வருவதற்குள் நாலு வரி, துணி காயப்போட்டுவிட்டு நாலு வரி என்று செல்போனில் தட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து மகள் மறைக்கல்வி வகுப்புக்குள் போனதும் கோயில் சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன். தொகுப்பில் பாதிக் கதைகள் அங்கே எழுதியவைதான். பார்க்கிறவர்கள் நான் வாட்ஸ்அப்பில் வம்பளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அதைப் பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

விழாவுக்குச் சில நாள் முன்னால்தான் வீட்டில் பெரிய சண்டை. மகள் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். முதல் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. குறைந்தது அவளுக்கு, குற்றவாளி நான்.

"இந்தா பாரு, பாப்பா டென்த் முடிக்கற வரைக்கும் இந்த எழுதற வேலைய மூட்டை கட்டி வெய்யி" என்றார்.

"எனக்கே கணக்கு வராதுங்க. நான் எழுதாம இருந்தா அவளுக்கு எப்படி வரும்?"

"அம்மான்னா பக்கத்துல உக்காரணும்."

"அப்பான்னா?"

சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பிவிட்டார். நான் அப்போது ஒரு நாவலின் நடுவில் இருந்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் ஒரு நாவலை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்தேன். அப்புறம் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு ஆளுக்கும் உயிர் இல்லை. இதையும் சாகவிட எனக்கு மனசில்லை. அவர் திரும்பி வந்ததும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது.

மேடையில் பொன்னாடையோடு அவர் கையில் மைக்கையும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. குரல் வளம் உள்ள மனுஷன்.

"எங்க வூட்ல ஒரு நாள் கூட ஓட்டல் சாப்பாடு கெடையாதுங்க. அத்தனை வேலையும் முடிச்சிட்டுத்தான் எழுத உக்காருவாங்க. எனக்கு டிபன் பாக்ஸ் லேட்டானதே இல்லீங்க."

என் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. படித்திருந்தால்தானே வரும். கூட்டம் தலையாட்டிக்கொண்டிருந்தது. என் புத்தகத்துக்கு நடந்த விழாவில் என் இட்லியும் குழம்பும் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தன. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன்.

"இந்த வருஷம் பாப்பா டென்த்துங்க. அதனால எழுத்துக்கு லீவு விட்டுட்டு, முழு நேரமும் புள்ளையைப் பார்த்துக்கப் போறாங்க. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்."

அரங்கமே கை தட்டியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் "சபாஷ்" என்றார். ஆண்கள் தட்டியது எனக்கு உறைக்கவில்லை. என் கதைகளைப் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன் என்று போன் பண்ணிய பெண்களும் அங்கே உட்கார்ந்து தட்டினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தனியாகக் கேட்டுக் கிடைக்காததை, ஊரையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். இனி நான் எழுதினால் பிள்ளையைக் கவனிக்காத தாய். அந்த நிமிஷம் அவரை எனக்கு அறவே பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

அடுத்து என் ஏற்புரை. "நேரமாயிடுச்சு, சுருக்கமா முடிச்சுக்கங்க மேடம்" என்று காதில் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். கதைகளைப் பற்றிப் பேச எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டேன்.

"எங்க வூட்டுக்காரர் ரொம்ப அடக்கமானவருங்க. பாதியைச் சொல்லாம விட்டுட்டாரு. லீவு எனக்கு இல்லீங்க, அவருக்குத்தான். பேக்கரிக்கு லீவு விட்டுட்டு, தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்து பாப்பாவுக்கு அவரே கணக்கு சொல்லித் தரப் போறாரு. அந்த நேரத்துல நீ உள்ள போயி நாவலை எழுதுன்னு சொல்லியிருக்காருங்க. எந்த அப்பாவுக்குங்க இப்படி மனசு வரும்? இன்னொரு தடவ அவருக்குக் கை தட்டுங்க."

முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள். அவருடைய ஆபீஸ்காரர்கள் பின்வரிசையிலிருந்து விசில் அடித்தார்கள். அவர் பொன்னாடையும் தோளுமாக எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, உங்களுக்கு டிரிக்னாமெட்ரி தெரியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் என்மேல் பாய்ந்தார்.

"சபையில வச்சு என் மானத்த வாங்கிட்டியேடி!"

"மானத்த வாங்கினா கை தட்டுவாங்களா? நாம பேசி முடிவு பண்ணினோம்னு நீங்க சொல்லல? அதே மாதிரிதான் நானும் சொன்னேன்."

மறுநாள் ஆபீசில் மேலதிகாரியே அவரை நாலரைக்கே கிளப்பிவிட்டிருக்கிறார், பாப்பா காத்திருக்கும், தெனமும் இந்த பஸ்ஸுக்கே போங்க என்று. பேக்கரியிலும் விஷயம் பரவிவிட்டது. ஆறு மணிக்குப் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். முதலில் அவர் கைடைப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மகள் பேனாவைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தண்ணி கொண்டா" என்று சத்தம் போட்டார். "குடம் அங்கதாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில்தான் வருகிறார். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நானும் போய்ச் சமாதானம் பேசவில்லை. எனக்கு வேண்டியது அந்தச் சாயங்காலம், அது கிடைத்துவிட்டது. குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். சமாளிக்கவில்லை, சண்டை போடுகிறேன் என்று சொன்னால் நான் தமாஷ் பண்ணுவதாகச் சிரிக்கிறார்கள்.

போன வாரம் கதவைத் தட்டினார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இந்த நாவல்ல நான் இருக்கறனா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆறு மணிக்கு வூட்ல இருக்கற வரைக்கும் இல்லீங்க."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார்.