வாரச் செய்திப் பலகையின் சாவி

அறிவிப்புப் பலகையின் சாவியைக் கேட்டு விளையாட்டு ஆசிரியர் என் மேசை முன்னால் நின்றபோது, அதை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் செய்த தவறு இதுதான். இதற்கு முன்னால் ஒரு சிறுமையும் பின்னால் இன்னொரு பொய்யும் உண்டு. அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நினைக்கும்போதெல்லாம் என்னைக் கூச வைப்பது அந்த நிமிடம்தான். இப்போது அந்தச் சாவி என் இழுப்பறையில் கிடக்கிறது. சின்னப் பித்தளைச் சாவி. தலையிலுள்ள வளையத்தில் பனியன் துணியின் ஓரக் கிழிசல் ஒன்றை அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அது திறந்த பலகையைக் கழற்றி வெகுகாலமாகிவிட்டது. அதே கல்லூரியில் படிக்கும் என் தம்பியின் பேத்தி, வாரச் செய்தியைக் கைப்பேசியில் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, "ஒண்ணும் இல்ல தாத்தா, வழக்கம்போலத்தான்" என்கிறாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் வாரச் செய்தி என்பது ஒற்றைத் தாள். திருப்பூரில் எங்கள் கல்லூரி பல்லடம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தது. தமிழ்த்துறையில் இருந்ததால் அந்தத் தாள் என் பொறுப்புக்கு வந்தது. கடந்த வாரம் நடந்தவை மேலே: இரத்ததான முகாம், வணிகவியல் மன்றக் கூட்டம், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குண்டடம் பக்கம் போய் மரம் நட்டது. வரும் வாரம் நடக்கவிருப்பவை கீழே: வினாடி வினா, கோலப்போட்டி, நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரக் கடைசி நாள். திங்கட்கிழமை காலை முதல்வர் அலுவலகத்தின் முத்திரை விழுந்த ஒரே தாளை, நகல் கடைக்காரர் ஒரு நகல் எடுத்துக்கொண்டபின், கண்ணாடிக் கதவு போட்ட பலகைக்குள் ஒட்டிப் பூட்டுவேன். ஓர் ஓரத்தில் என் சிந்தனைத் துளியும் இருக்கும். துளி என்று பெயர். உண்மையில் தாளில் கால்வாசி அதுதான். அதைப் படிக்கத்தான் பிள்ளைகள் பலகை முன்னால் முண்டியடிக்கிறார்கள் என்று நான் மனதார நம்பினேன்.

அவர்கள் முண்டியடித்ததற்குக் காரணம் வேறு. எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் மதியம் வகுப்பு முடிந்ததும் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். சனிக்கிழமை முழுநாள் வேலை. சரக்கு கப்பலேறுகிற வாரமென்றால் யாருக்கும் விடுப்புக் கிடையாது. கல்லூரியில் நிகழ்ச்சி என்று பொய்க் கடிதம் காட்டிச் சிலர் சினிமாவுக்குப் போய்விட, கம்பெனிக்காரர்கள் முதல்வரிடம் வந்து முறையிட்டார்கள். அன்றிலிருந்து தனிக் கடிதமே தருவதில்லை, முத்திரை போட்ட வாரச் செய்தியில் நிகழ்ச்சி இருந்தால் மட்டும் அந்தப் பிள்ளையை விடுவது என்று இரு தரப்பும் பேசி முடித்தார்கள். நகல் கடையில் எடுத்த தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள். சூப்பர்வைசர் அதை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தால்தான் விடுதலை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

விளையாட்டு ஆசிரியர் கணியூர்க்காரர். என்னைவிட இருபது வயது இளையவர், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற தற்காலிக வேலையில் இருந்தார். கறுத்து மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஊதல். எங்கள் கல்லூரியில் பெண்களுக்கென்று கோ-கோ அணி ஒன்றைக் கிட்டத்தட்ட ஒண்டியாக நின்று உண்டாக்கினார். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் வேடிக்கையாகப் பேசுவார். ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, புதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சார் துளியைக் கொஞ்சம் சுருக்குனீங்கன்னா நம்ம புள்ளைங்க ஓடறதுக்கு எடங் கெடைக்குமுங்க" என்றார். "துளியா அது? தொட்டித் தண்ணியில்லீங்களா!" என்று பொருளியல்காரர் எடுத்துக் கொடுக்க, அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போனபிறகும் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. பதினைந்து ஆண்டு எழுதியவனை ஓட்டப்பந்தயம் நடத்துகிறவன் கேலி செய்வதா என்று மனம் குமைந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து அவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை கோவையில் பல்கலைக்கழகக் கோ-கோ அணிக்கான தேர்வு. எங்கள் பெண்கள் கலந்துகொள்கிறார்கள். மொத்தம் நான்கு வரிகள். "வர்ற தாள்ல கட்டாயம் வந்துரணுமுங்க சார். ஒரு புள்ளைக்கு இதுல வாழ்க்கையே இருக்குதுங்க" என்றார். அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும், என் வகுப்பில் இருந்தவள்தான். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா ஒரு கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர். அம்மாவும் அவளும் அங்கேயே, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் கல்லூரியில் கட்டணம் இல்லை. கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தாளை அமைக்க உட்கார்ந்தபோது இடம் போதவில்லை. என் துளியில் நான்கு வரி குறைத்தால் சரியாகியிருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். துளி முழுதாக வந்தது. பெருந்தன்மையைப் பற்றியது அது.

செவ்வாய்க்கிழமைதான் அவர் என் மேசைக்கு வந்தார். "சார், நம்ம கோ-கோ அறிவிப்பு உட்டுப் போச்சுங்களே?" என்றார், குரலில் குற்றம் சாட்டல் இல்லை. இடமில்லை என்றேன். "பரவால்லீங்க. சாவி குடுத்தீங்கன்னா பலகையில இருக்கற தாளையே எடுத்து, ஓரத்துல கையில எழுதி, ஆபீஸ்ல முத்திரை வாங்கி, நகல் கடைக்குக் குடுத்துட்டு மறுபடி ஒட்டிக்கறனுங்க. புள்ளைங்க நகல் எடுத்துக்குவாங்க." அப்போதுதான் சொன்னேன், சாவியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று. அவர் உடனே போகவில்லை. என்னையே பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு, "செரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை அவர் முதல்வரிடம் போய்த் தனிக் கடிதம் கேட்டிருக்கிறார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இவரு உங்ககிட்ட அறிவிப்பு குடுத்தாருங்களா?" என்று கேட்டார். விளையாட்டு ஆசிரியர் பக்கத்தில் நின்றார். "எங்கிட்ட வரலைங்க" என்றேன். முதல்வர் அவர் பக்கம் திரும்பி, கம்பெனிகளுக்குக் கொடுத்த வாக்கை இவருடைய அசட்டைக்காக மீற முடியாது என்று கடுமையாகச் சொன்னார். "செரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சனிக்கிழமை அந்தப் பெண் போகவில்லை. தாளில் அறிவிப்பு இல்லாமல் லீவு போட்டால் அம்மாவையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். திங்கட்கிழமை மைதானத்தில், எல்லோரும் பார்க்க, அவள் தன் விளையாட்டுப் பனியனைக் கொண்டுவந்து விளையாட்டு ஆசிரியரின் காலடியில் போட்டாள். "பேப்பர்ல வரும் பேப்பர்ல வரும்னு சொன்னீயள்லா சார், எங்க வந்துச்சு? பொழைக்க வந்தவ புள்ளதானன்னு மறந்துட்டீய. இனி எனக்கு நீங்க சாரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது." நான் மேல்தளத்து நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரே ஒரு முறை அண்ணாந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பனியனை எடுத்து மண்ணைத் தட்டினார். அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். அந்த ஆண்டு முடிவில் அவருடைய வேலையைப் புதுப்பிக்கவில்லை. வழியனுப்பு விழா என்று எதுவும் நடக்கவில்லை. அவர் போன செய்தியும் வாரச் செய்தியில் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், என் கடைசித் தாளில், துளி இருந்த இடத்தில் நடந்ததை முழுவதும் எழுதினேன். என் பெயரைப் போட்டு, நான் பொய் சொன்னேன் என்றே எழுதி, பலகையில் ஒட்டிப் பூட்டினேன். தேர்வு நேரம். பிள்ளைகள் தேர்வுக்கூட எண்ணைத் தேடிவிட்டுப் போனார்கள். ஒரு பையன் மட்டும் நின்று படித்துவிட்டு, "நம்ம காலேஜ்ல கோ-கோ டீமெல்லாம் இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டான். மதியத்துக்குள் புதிய முதல்வர் கூப்பிட்டு, கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும், எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டேன். அதை உரிக்கும்போதுதான் உறைத்தது: யார் இருவர் அதைப் படிக்க வேண்டுமோ அவர்கள் ஒருநாளும் வராத இடத்தில் அல்லவா அதை ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணை விசாரித்துக் கண்டுபிடித்தேன். இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். தேநீர் இடைவேளையில் வெளியே வந்தவள், கழுத்தில் அளவு நாடாவோடு, நான் சொல்லி முடிக்கும்வரை டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகவேயில்லை. பிறகு, "இத எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதீய? நான் ஏசுனது அவரையில்லா?" என்றாள். கம்பெனி வாசல் பக்கம் கையைக் காட்டி, "இப்ப எங்க தையல் லைன்ல காலேஜ் புள்ளைய வந்து லீவு கேட்டா நான் பேப்பர் கேக்கதில்ல, தெரியுமா? பொய் சொன்னாலும் சொல்லட்டும், போயிட்டு வான்னு அனுப்பிருதேன்" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வாரேன். அவரு ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. என் முன்னாடி அவர்ட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உடுமலை வழியாகக் கணியூர் போனோம். பேருந்தில் அவள் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "வாங்க சார், வாங்க! ஏனுங்க இந்த வெயில்ல?" என்று ஓடிவந்தார். அவளைப் பார்த்ததும், "கண்ணு, ஓடறியா இன்னும்?" என்று கேட்டார். அவள் உடைந்துபோனாள். "அன்னைக்கு ஒங்கள ஏசிட்டேன் சார்." "ஏசாம போயிருந்தாத்தான் கண்ணு எனக்கு வருத்தமா இருந்திருக்கும். உனக்கு அந்த ஆட்டம் பெருசில்லைன்னு ஆயிருக்குமில்ல" என்றார்.

இளநீர் வெட்டிக் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்த சீட்டு, முதல்வர் அறை, சாவி. சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டவும் செய்தேன். எதற்காக என்று எனக்கே தெரியாது. அவர் அதை வாங்கவில்லை.

"அது உங்க ஜோப்புலதான் இருந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க சார். வெள்ளைச் சட்டைங்களா, துணிக்குள்ள அச்சா தெரிஞ்சுது" என்றார்.

"பின்ன ஏன் சார் கேக்கல?" என்றாள் அவள்.

"வயசுல பெரியவரு கண்ணு. பொய் சொல்றீங்கன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? வாய் வரல. நான் அன்னைக்குக் கேட்டிருந்தா நீ போயிருப்ப. அது என் தப்புத்தான்."

என் பொய்யின் பாரத்தில் ஒரு பங்கை இத்தனை ஆண்டுகளாக அவர் தன் தப்பு என்று சுமந்திருக்கிறார். இல்லை, அது உங்கள் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார். அவள் மாலைவரை இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். சாலைவரை என்னோடு நடந்துவந்தவர், பேருந்து வருவது தெரிந்ததும், "புள்ள எப்ப வேணாலும் வரட்டுமுங்க. நீங்க இனி வர வேண்டாமுங்க சார். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். இரண்டு கைகளையும் கூப்பித்தான் சொன்னார். பேருந்தில் ஏறுவதற்கு என் முழங்கையைப் பிடித்தும் விட்டார்.

பொங்கலுக்குப் பொங்கல் அவள் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணியூர் போகிறாள் என்று கேள்வி. என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்பதில்லை. நேற்று இழுப்பறையைத் துடைக்கும்போது சாவி கையில் தட்டியது. வெள்ளைச் சட்டையொன்றை மாட்டிக்கொண்டு, அதைப் பையில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். வளையம், தண்டு, இரண்டு பல், முடிச்சுப் போட்ட அந்தக் கிழிசல்கூட, எல்லாம் தெரிகிறது.